ஆறு பேர்ச்சஸ் காணி

கன்னியர் மடம்,
04.02.2024

அன்புள்ள அண்ணா,

இயேசுவின் அருளால் நான் சுகம். அம்மா சுகமா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கமாட்டேன். அதில் நீங்கள் குறை வைக்காதவர்.

மடத்தில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. வந்த அன்றே கைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். இரண்டு வருடப் பயிற்சி முடியும்வரை கடிதம்தான். அதுவும் மாதத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். இந்தக் காலத்தில் கடிதம் எழுதும் ஆள் நான் ஒருத்திதான் என்று தபால்காரர் சிரிக்கிறாராம்.

அண்ணா, கடலைப் பார்த்தேன். நம்முடைய நோர்வூட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து பார்வையை மறிக்கும். இங்கே மறிக்க ஒன்றுமே இல்லை. சுவரில்லாத வீட்டுக்குள் நிற்கிற மாதிரி முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு நின்றுகொண்டே இருந்தேன். மதர் வந்து தோளைத் தட்டித்தான் உள்ளே கூட்டிப்போனார்.

இன்னொரு அதிசயம், இங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. சீப்பைக்கூட ‘நம்முடைய சீப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். பாலர் பாடசாலையில் இரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள் நான். பணப்பையைக் கொடுத்த முதல் வாரம் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இப்போது ஒரு பெரிய பாரம் இறங்கியிருக்கிறது.

அம்மாவின் ஈ.பி.எஃப். காசு இந்த மாதம் வரும் என்றார்களே, வந்ததா? முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த காசு. அது முதலில் அம்மாவின் கண்ணில் படட்டும், பிறகு உங்கள் கண்ணில் படட்டும் என்று தினமும் செபிக்கிறேன். கோபிக்க வேண்டாம். உங்களுக்கு ஓட்டைக்கை என்று பேர் வைத்தது நானில்லை, மோட்சத்தில் இருக்கும் அப்பாதான்.

உங்கள் செபத்தில் என்னையும் நினைக்கும்
தங்கை டெல்சி

*

நோர்வூட்,
25.02.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் நல்ல சுகம். உன்னை இனி சிஸ்டர் என்று கூப்பிட வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னார். மடத்துக்கு நாம் போன் எடுக்கவும் கூடாதாம். இதனால் ஹார்ட்வெயார் கடை பில் புத்தகத்தைத் தவிர வேறெதிலும் எழுதாத எனக்கு விரல் வலிக்கிறது.

காசு வந்துவிட்டது. அம்மா திருநாள் சேலையைக் கட்டிக்கொண்டு ஹட்டன் வங்கிக்கு வந்தார். கவுண்டரில் இருந்த பிள்ளை சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ஒன்பது இலட்சம். அம்மா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டுக் காசும் இத்தன வருசமா எங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

“ஒங்க சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாங்களேம்மா, அதுவும் தோட்டம் போட்டதும்தான்.”

“புடிச்சப்பல்லாம் திட்டுனேனே” என்றார் அம்மா. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதையே இரண்டு மூன்று தரம் சொன்னார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

ஒரு செய்தி. அம்மாவின் பேர் தோட்டத்துச் செக்ரோல் பதிவில் இருந்து வெட்டப்பட்டுவிட்டது. நானும் தொழிற்சாலை வேலையை விட்டுக் கடைக்குப் போய்விட்டேன். தோட்டத்தில் பேர் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் இடம் இல்லையாம். நாம் குடியிருக்கும் காம்பிராவை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா நல்லவர், அடுத்த வருடம் மார்ச் மாதம்வரை தவணை வாங்கித் தந்திருக்கிறார்.

அதற்கும் வழி வைத்திருக்கிறேன். அம்மாவின் காசைக் கட்டி லீசிங்கில் ஓர் ஆட்டோ எடுக்கப்போகிறேன். ஆட்டோ ஓடினால் காசு, காசு இருந்தால் ஹட்டனில் வாடகை வீடு. பைக்குக்கும் புதிதாக இரண்டு டயர் போட்டிருக்கிறேன். தவணைக்கு ஒரு போன் எடுத்தேன், படம் கண்ணாடி மாதிரி தெளிவு. உனக்குக் காட்டத்தான் வழியில்லை.

பாசமுள்ள அண்ணன்
றொக்சன்

*

கன்னியர் மடம்,
17.03.2024

அன்புள்ள அண்ணா,

தவக்காலத்தின் சமாதானம் உங்கள் இருவருக்கும் உண்டாகட்டும். எனக்குச் சின்னத் தடிமன் இருந்தது, கொத்தமல்லி குடித்துச் சுகமாகிவிட்டேன்.

ஆட்டோவைப் பற்றி வாசித்தேன். பின் சீட்டில் அம்மா படுத்துக்கொள்வார், முன் சீட்டில் நீங்கள். அடுப்பை எங்கே வைப்பதாக இருக்கிறீர்கள்? ஹட்டனில் ஆட்டோ இல்லாத சந்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா? லீசிங் கட்டும் திகதி மழைக்கும் நிற்காது, காய்ச்சலுக்கும் நிற்காது.

கிறிஸ்மஸ் அன்று றிச்சர்ட் மாஸ்டர் கோயில் வாசலில் அம்மாவிடம் சொன்னது ஞாபகமா? பென்சன் எடுத்துவிட்டதால் தன் வீட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன வீட்டுக்குக் காணும் ஆறு பேர்ச்சஸ் காணியை விற்கப்போவதாகச் சொன்னார். அப்போது நாம் எல்லோரும் நல்ல பகிடி என்று சிரித்தோம். இப்போது ஏன் சிரிக்க வேண்டும்? வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவைக் கூட்டிப்போய் ஒருதரம் காட்டுங்கள்.

இன்னொன்று. உங்கள் சம்பளம் அறுபதாயிரம். இருபதாம் திகதி வரும்போது அம்மாவிடம் பெற்றோல் காசு கேட்கிறீர்கள். அது எங்கேதான் போகிறது? காசை விட்டுவிட்டு வந்த எனக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. ஆனாலும் அடுத்த மார்ச்சில் அம்மா எங்கே படுப்பார் என்ற நினைப்பு செபத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அம்மாவுக்கு முத்தங்கள்.
டெல்சி

*

நோர்வூட்,
28.04.2024

தங்கைக்கு,

நாங்கள் சுகம். பதில் பிந்தியதற்குக் காரணம் கோபம்தான். உன் கடிதம் வருவதற்கு முன்பே என் சம்பளத்தில் ஐம்பதாயிரத்தை ஆட்டோவுக்கு முற்பணமாகக் கொடுத்திருந்தேன். வேண்டாம் என்று போனபோது பாதிதான் திரும்பி வந்தது. அந்தப் பாதிக்கு உன்னைத் திட்டினேன். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் கோபமும் முடிந்தது.

அம்மாவைக் கூட்டிப்போனேன். மாஸ்டர் வீட்டுக்குப் பின்னால் சரிவு, கீழே பாதை, நடுவில் மானாப்புல் வளர்ந்த துண்டு. நாலு மூலையிலும் கல். அம்மா ஒவ்வொரு கல்லாகப் போய்க் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

“இதுலேர்ந்து அதுவரைக்குமா மாஸ்டர்?”

“ஆமாங்கம்மா.”

“கீழ எவ்வளவு ஆழம்?”

மாஸ்டர் சிரித்தார். “தண்ணி வர்ற வரைக்கும் தோண்டுங்க. மேல வானம் வரைக்கும் ஒங்களுதுதான்.”

அம்மா அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். டெல்சி, மேகம்தான் இருந்தது. ஆனால் எனக்கு என்னவோ செய்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்து இந்த மலைகளில் நம்முடைய ஆட்கள் நடக்காத இடம் இல்லை. அத்தனை பேரில் ஒருவரும் ஒரு துண்டைப் பார்த்து ‘இது எவ்வளவு ஆழம்’ என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

விலை பதினைந்து இலட்சம். சட்டத்தரணி முன்னால் ஒப்பந்தம் எழுதி ஒன்பதைக் கொடுத்துவிட்டோம். மிச்சம் ஆறையும் வருகிற பெப்ரவரி முடிவுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஒன்பது திரும்பி வரும், காணி வேறு ஆளுக்குப் போகும். அடுத்த மாதமே லயமும் போய்விடும்.

சம்பளம் எங்கே போகிறது என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். தோட்டத்தில் இருந்தபோது அரிசி, மாவு, திருநாள் முற்பணம், சங்கம், மரண உதவி என்று எல்லாவற்றையும் அவர்களே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருவார்கள். கைக்கு வந்தது அத்தனையும் செலவழிக்கத்தான். கடை முதலாளி ஒன்றையும் பிடிப்பதில்லை, முழுசாகத் தருகிறார். நானும் முழுசாகச் செலவழிக்கிறேன். இதுதான் உண்மை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் றொக்சன்

*

கன்னியர் மடம்,
26.05.2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், மிகமிகச் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கோயிலுக்குள் ஓடினேன். ஓடக்கூடாது என்று மதர் ஏசினார்.

வானம் வரைக்கும் என்று மாஸ்டர் சொன்னதைப் பலமுறை வாசித்துவிட்டேன். இங்கே நான் எதுவும் இல்லாமல் இருக்கப் படிக்கிறேன். அங்கே அம்மா முதன்முதலாக ஒன்றை உடையவராகப் படிக்கிறார். இரண்டையும் நினைத்தால் ஒரே மாதிரி நெஞ்சு நிறைகிறது, ஏன் என்று விளங்கவில்லை.

உங்கள் வியாதிக்கு மருந்து சுலபம். பிடித்துக்கொண்டு தர ஆள் இல்லாததுதானே குறை? அப்படியானால் உங்களுக்கு ஒரு தோட்டத்து ஆபீஸ் தேவை. வீட்டிலேயே ஒன்றைத் திறக்கச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். முப்பத்திரண்டு வருடம் சம்பள வாசலில் நின்றவருக்கு உள்ளே உட்காரத் தெரியாதா?

பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்புத் தங்கை
டெல்சி

*

நோர்வூட்,
16.06.2024

பகிடிக்காரத் தங்கைக்கு,

அம்மா சுகமோ சுகம். நான்தான் சுகமில்லை. உன் பகிடியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது என் பிழை.

சம்பள நாளன்று வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு உள்ளே மேசை. அதற்குப் பின்னால் அம்மா, அப்பாவின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. என்னை உள்ளே விடவில்லை.

“செபமாலை மகன் றொக்சன்” என்று தன் பேரையும் சேர்த்து முழுப்பேரும் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கவரை வாங்கினார், பிரித்தார். “காணிக்கு நாப்பதாயிரம். சாப்பாட்டுக்குப் பத்து. போன் தவணை. மரண உதவிச் சங்கம். கோயில் சந்தா.” ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுத்து வைத்தார். “இது ஒன் மிச்சம்.”

“இவ்வளவுதானாம்மா? பெற்றோலுக்கே காணாதே.”

“கொறையிருந்தா யூனியன்ல போய்ச் சொல்லு” என்றார்.

லயமே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதே. போன வாரம் நான் நேரம் பிந்தி வந்ததற்கு தோட்டத்தில் அரைநாள் சம்பளம் வெட்டுவது போல அரைப்பேர் போட்டுவிட்டார், இரவுச் சாப்பாட்டில் பாதி ரொட்டிதான். பிறகு மற்றப் பாதியையும் கொண்டுவந்து வைத்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அம்மா எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் போல இருந்தார். நோட்டை எண்ணிய விரலில் கொழுந்துக் கறை. முகமோ பெரிய துரையின் முகம். இந்த அம்மா இத்தனை காலம் எங்கே இருந்தார்?

உன் அண்ணன், தொழிலாளி
றொக்சன்

*

கன்னியர் மடம்,
28.07.2024

அன்புள்ள அண்ணா,

கர்த்தர் அம்மாவுக்கும் அம்மாவின் ஆபீசுக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்தேன். யூனியன் வரி வந்தபோது மதர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

என்னை இப்போது குசினிக்குச் சாமான் வாங்க அனுப்புகிறார்கள். கையில் காசு தந்தால் பயமாக இருக்கிறது. மீன்காரர் விலை சொன்னதும் அம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறேன். அவரே குறைத்துவிடுகிறார்.

அண்ணா, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெப்ரவரிவரை அம்மா மாதாமாதம் பிடித்தாலும் ஆறு இலட்சத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் குறைகிறதே. அது எப்படி? யாரிடமும் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். வாரத் தவணைக்காரர்கள் லயத்து வாசலில் வந்து உட்கார்ந்த வீடுகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

உங்கள் பைக் எப்படி? அதைப் பற்றி ஒரு வரி புகழ்ந்து எழுதுங்கள், கேட்காமல் என்னவோ போல இருக்கிறது.

உங்கள் டெல்சி

*

நோர்வூட்,
20.10.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறோம். நாலு மாதமாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். கடையில் வேலை கூட. ஞாயிறுகளில் பூசை முடிந்து லொறியில் சீமெந்து இறக்கப் போகிறேன். வட்டிக்கு ஒன்றும் வாங்கவில்லை, பயப்படாதே.

இங்கே ஒரே மழை. விடிய வெள்ளனவே தேயிலைக்குள் குறுக்கால் இறங்கி நடந்து பாதைக்கு வந்து பஸ் எடுக்கிறேன். மழை விட்ட காலைகளில் தேயிலைச் செடிகளின் மிலாறுகளில் எல்லாம் சிலந்தி வலை. ஒவ்வொரு வலையிலும் பனி கோத்திருக்கும். வெயில் பட்டதும் மலை முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது போல மின்னும். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இதைப் பார்த்ததே இல்லை. நேற்று அதைப் பார்த்து நின்று பஸ்ஸை விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே, அரைப்பேர் போடுவார்.

ஹட்டனில் இருந்து ஓர் ஆள் வந்து அந்தக் காணிக்குப் பதினெட்டுத் தருவதாக மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். பெப்ரவரி முடியும்வரை தன் வாக்கு நம்முடையது, அதற்குப் பிறகு தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அம்மா இரவில் சரியாகத் தூங்குவதில்லை.

வேறு விசேஷம் இல்லை.

றொக்சன்

*

கன்னியர் மடம்,
17.11.2024

என் அன்பு அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இதை எழுதும்போது அழுகிறேன், ஆனாலும் சுகம்தான்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதல் கடிதத்தில் டயர் இருந்தது, போன் இருந்தது, ஆட்டோ இருந்தது. இந்தக் கடிதத்தில் மழையும் சிலந்தி வலையும் மட்டும்தான் இருக்கின்றன. வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை. என் அண்ணாதான் எழுதினாரா என்று கையெழுத்தை உற்றுப் பார்த்தேன்.

பைக்கை விற்றுவிட்டீர்கள், இல்லையா? பதில் எழுத வேண்டாம். அப்பா செத்த வருடம் பட்டினி கிடந்து வாங்கிய பைக் அது. இரவில் அதற்குச் சாக்குப் போர்த்திவிட்டுத்தான் படுப்பீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைவிட ஒரு பயமும் இருக்கிறது, பீடத்தின் முன்னால் நிற்கும்போது வருகிற பயம். இங்கே நாங்கள் பத்துப் பேர் மணியடித்து, செபம் சொல்லி, மதர் பார்த்துக்கொண்டிருக்க ஆசையை விடப் படிக்கிறோம். நீங்கள் ஒருவரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டு, விடியக்காலையில் நடந்து போகிறீர்கள்.

என்னிடம் தர ஒரு சதம் இல்லை. இந்த முத்திரைகூட மதர் தந்தது. ஒன்றும் இல்லாதது இலேசு என்று பெப்ரவரியில் எழுதினேன். இன்றைக்கு அது கனக்கிறது.

டிசம்பர் முழுக்கத் திருவருகைக் காலம், அதன் பிறகு மௌன தியானம். பெப்ரவரி முடியும்வரை எனக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை. என்ன நடந்தது என்று தெரியாமலே இருக்கப் போகிறேன். காணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அண்ணா, நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
டெல்சி

*

நோர்வூட்,
09.03.2025

அன்புள்ள டெல்சிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உனக்கும் எல்லாச் சுகமும் கிடைக்கட்டும். நடப்பது உடம்புக்கு நல்லது என்று டொக்டர்களே சொல்கிறார்கள். அதைப் பற்றி அவ்வளவுதான்.

பெப்ரவரி கடைசி வாரம் மாஸ்டருக்குக் காசு கட்டி முடித்தோம். ஹட்டனில் காணி உறுதி எழுதியாயிற்று, அம்மாவின் பேரில். சட்டத்தரணி அதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தினார். செபமாலையும் அவருடைய வாரிசுகளும் என்றென்றும் அனுபவிக்கலாம் என்று வந்த இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “அத இன்னொரு தரம் வாசிங்க ஐயா” என்றார். அவர் வாசித்தார். “பூசையில வர்ற மாதிரியே இருக்கே” என்று அம்மா என்னைப் பார்த்தார்.

லயத்தைக் கொடுத்துவிட்டோம். இரண்டு தகர அறை போடும்வரை மாஸ்டர் தன் வீட்டுப் பின் அறையைத் தந்திருக்கிறார்.

நான் எழுத வந்தது இதைப் பற்றி இல்லை. போன வியாழக்கிழமை கண்டாக்கையா கடைக்குப் போன் எடுத்தார். “ஒங்கம்மா ஆபீசுல நிக்குறாங்கப்பா, கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போ” என்றார். பதறிக்கொண்டு ஓடினேன். அம்மா தோட்டத்து ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பலாக்கன்று. கிளாக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மரம் நட அனுமதி கேக்குறாங்க தம்பி.”

உனக்குத்தான் தெரியுமே, லயத்து வாசலில் கீரை போடலாம், நின்று வளரும் மரத்துக்குத் துரையிடம் கேட்க வேண்டும். கேட்டாலும் கிடைக்காது.

“எங்க நடப்போறீங்கன்னு கேட்டேன். நோர்வூட்ல, என் காணியிலங்குறாங்க. அதுக்கு நாங்க எப்புடிம்மா அனுமதி குடுக்குறது?”

“நீங்க குடுக்காட்டி வேற யாரு குடுப்பா?” என்று அம்மா கேட்டார். ஆபீசுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. கிளாக்கர் எழுந்து நின்றுவிட்டார்.

அம்மாவைக் காணிக்குக் கூட்டிவந்தேன். நானே குழி வெட்டினேன். அம்மா கன்றைப் பிடித்தபடி நின்றார். நடவில்லை.

“நெசமாவே யாருகிட்டயும் கேக்க வேணாமா?”

“வேணாம்மா.”

“மாஸ்டரு கிட்ட?”

“அவருதான் வித்துட்டாரேம்மா.”

அம்மா சுற்றிலும் பார்த்தார். மேலே மாஸ்டர் வீட்டைப் பார்த்தார், கீழே பாதையைப் பார்த்தார். பாதைக்கு அந்தப் பக்கம் மலை முழுக்கத் தேயிலை.

“கேக்காம எப்புடி நடுறதுன்னு தெரியலயேப்பா” என்றார்.

எனக்கும் தெரியவில்லை, டெல்சி. பணத்தைப் பிடிக்கத் தெரிந்த அம்மா, அதைக் கொண்டு வானம் வரைக்கும் வாங்கிய அம்மா, கையில் கன்றோடு நிற்கிறார். நான் மண்வெட்டியோடு நிற்கிறேன். நட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை என்று ஏனோ தோன்றியது.

வெகுநேரம் கழித்து அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். நிமிர்ந்து நின்று, யாருக்கோ உத்தரவு கொடுப்பது போல மெதுவாகச் சொன்னார்.

“சரி செபமால. நட்டுக்க.”

அண்ணன்
றொக்சன்